நின்றால் ஒரு கார், ஓடினால் ஒரு கார்: காற்று சஸ்பென்ஷன் கிட்டுடன் 18 மாதங்கள்

என்னுடைய பழைய செடான் காரில் காற்று சஸ்பென்ஷன் கிட் ஒன்றைப் பொருத்தி 18 மாதங்கள் ஆகின்றன. 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பொருத்திய முதல் வாரத்திலேயே எழுத உட்கார்ந்திருந்தால் இந்த மதிப்புரை வெறும் புகழ்ச்சியாக இருந்திருக்கும். ஆறாவது மாதத்தில் எழுதியிருந்தால் வெறும் வசவாக இருந்திருக்கும். இப்போது இரண்டும் தணிந்துவிட்டன. கிட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன், ஏனெனில் எனக்கு நேர்ந்த தொல்லைகளில் பாதி அந்தப் பொருளால் வந்தவை அல்ல. பொருத்திய பட்டறையின் அவசரத்தாலும், அதைவிடக் கூடுதலாக என் சொந்த ஆசையாலும் வந்தவை.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரங்களிலும் இருந்த கம்பிச்சுருள் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் தடித்த ரப்பரால் ஆன காற்றுப் பைகள் வைக்கப்படுகின்றன. விபத்தில் விரியும் ஏர்பேக்குக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டிக்கிக்குள் இரண்டு சிறிய கம்ப்ரசர்கள், ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளும் ஓர் அலுமினிய டேங்க், மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகளின் தொகுதி, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை இடம்பெறுகின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் பைகளில் உள்ள காற்று சீறி வெளியேறி, காரின் உடல் மெல்ல இறங்கி, மட்கார்டின் விளிம்பு ரிம்மைத் தொடும் அளவுக்குப் படுத்துவிடுகிறது. இன்னொரு பொத்தானை அழுத்தினால், டேங்க் நிறைந்திருக்கும் பட்சத்தில், நான்கைந்து வினாடிகளில் எழுந்து நிற்கிறது. டேங்க் காலியாக இருந்தால் மூன்று நிமிடங்கள் கம்ப்ரசரின் உறுமலைக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில்தான் டேங்க் காலியாக இருக்கும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரிந்த விதி.

ஓட்டும் தரத்தைப் பொறுத்தவரை, எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. கார் நிறுவனம் முதலில் கொடுத்த உயரத்தைவிட 30 மில்லிமீட்டர் தாழ்வாக வைத்து, முன்புறம் 60 பிஎஸ்ஐ, பின்புறம் 45 பிஎஸ்ஐ என்ற அழுத்தத்தில் ஓட்டுகிறேன். காற்றுக்கு ஓர் இயல்பு உண்டு: அமுக்க அமுக்க அது எதிர்க்கும் வலிமை கூடிக்கொண்டே போகும். அதனால் சின்னஞ்சிறு மேடுபள்ளங்களில் மென்மையாகவும், பெரிய பள்ளத்தில் விழும்போது கெட்டியாகவும் நடந்துகொள்கிறது. நீண்ட பயணங்களில் முதுகுவலி இல்லை. வளைவுகளில்தான் ஏமாற்றம், தாழ்வாக இருப்பதால் சாய்வு குறையும் என்று நினைத்தேன், அது ஓரளவுக்குத்தான் உண்மை. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த மெக்ஃபர்சன் வகை முன் சஸ்பென்ஷனில் காரை மிகவும் இறக்கினால், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். காரின் எடை மையம் இறங்குவதைவிட, உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடுவதால், தாழ்ந்த கார் உயர்ந்த காரைவிட அதிகமாகச் சாயவும் வாய்ப்பு உண்டு. 30 மில்லிமீட்டரில் நான் நிறுத்திக்கொண்டதற்கு இதுவே காரணம். 60 மில்லிமீட்டரில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்கைத் திருப்பாமலேயே மேடுகளில் கார் தானாக இடமும் வலமும் இழுத்தது.

இனி அந்த ஆறாவது மாதத்து வசவுக்கு வருகிறேன். ஒரு காலை வெளியே வந்து பார்த்தால், கார் இடது முன் சக்கரத்தின் மீது சரிந்து, நொண்டி மாடு போல நின்றது. கம்ப்ரசரை ஓடவிட்டால் எழுந்தது. இரண்டு மணி நேரத்தில் மீண்டும் சரிந்தது. பஞ்சர் பார்ப்பதைப் போலவே, ஒரு குவளையில் சோப்பைக் கரைத்து, தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே போனேன். வால்வுத் தொகுதியில் குழாய் நுழையும் ஓர் இடத்தில் குன்றிமணி அளவுக்கு நுரை ஊதி, உடைந்து, மறுபடி ஊதியது. குழாயை இழுத்துப் பார்த்ததும் விஷயம் விளங்கியது: அதன் முனை நேராக வெட்டப்படாமல் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. இந்த இணைப்புகளுக்குள் ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கிறது. குழாயின் முனை சரியாக 90 பாகையில் இருந்தால்தான் அது முழுச் சுற்றிலும் அழுந்தும். குழாய் வெட்டும் கருவியைத் தேடச் சோம்பல்பட்டு, யாரோ கத்தரிக்கோலை எடுத்திருக்கிறார்கள். விரற்கடை அளவு குழாயை நேராக நறுக்கி மீண்டும் செருகியதும் பிரச்சினை தீர்ந்தது. மற்ற மூன்று முனைகளையும் பிடுங்கிப் பார்த்தேன், அவற்றில் இன்னொன்றும் அப்படித்தான் இருந்தது.

இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறே கசிவின் வரலாறுதான் என்று சொன்னால் மிகையில்லை. 1957இல் வெளிவந்த கேடிலாக் எல்டொராடோ புரோகம் என்ற ஆடம்பரக் காரில் நிறுவனமே காற்று சஸ்பென்ஷனைக் கொடுத்தது. ஆனால் காற்று கசிந்து கசிந்து வெறுத்துப்போன உரிமையாளர்கள் பலர், அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கம்பிச்சுருளை மாட்டிக்கொண்டார்கள். காற்றில் உள்ள ஈரமும் தொல்லை தரும். கம்ப்ரசர் அழுத்தும்போது அந்த ஈரம் டேங்கின் அடியில் நீராகத் தேங்குகிறது; மாதம் ஒருமுறை அடிக்குழாயைத் திறந்தால் இரண்டு கரண்டி அளவுக்குக் கலங்கல் நீர் வரும். அதை வடிக்க மறந்தால் வால்வுகள் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். கடுங்குளிரில் உறைந்தும் போகும். ஈரம் பிரிக்கும் வடிகட்டி கிட்டிலேயே வருகிறதா என்று வாங்குவதற்கு முன் கேட்பது நல்லது.

கட்டுப்பாட்டுப் பெட்டியில் இரண்டு வகைகள் உள்ளன. ஒன்று பைகளின் அழுத்தத்தை மட்டும் அளக்கிறது. மற்றொன்று ஒவ்வொரு சக்கரத்தின் உயரத்தையும் சேர்த்து அளக்கிறது. என்னிடம் இருப்பது முதல் வகை. பின்னிருக்கையில் மூவர் ஏறினால், அழுத்தம் அதேதான் இருக்க வேண்டும் என்று பெட்டி பிடிவாதம் பிடிக்கிறது; கூடிய எடையை அதே அழுத்தத்தால் அதே உயரத்தில் தாங்க முடியாது, ஆகவே பின்பக்கம் இறங்கிவிடுகிறது, முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் போய்க் குத்துகிறது. இன்னொரு முறை வாங்குவதாக இருந்தால் இரண்டாம் வகையைத்தான் வாங்குவேன்.

இவ்வளவும் பொருளைப் பற்றியது. ஆனால் இந்தக் கிட்டைப் பொருத்திய பிறகு, கார்ப் பிரியர்கள் கூடும் எந்த இடத்துக்குப் போனாலும் பொருளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காரை இப்படிச் செய்யலாமா, கூடாதா என்றுதான் வாதம் தொடங்குகிறது. முதல் கூட்டத்திலேயே, பந்தயத் தடத்தில் பல ஆண்டுகள் ஓட்டிய மூத்தவர் ஒருவர் தரையில் முழங்காலிட்டு, பின்சக்கரத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஓடுமா, இல்லை படுத்தே இருக்குமா?" என்று கேட்டார். அதே நேரத்தில், பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர், "அண்ணா, இன்னொரு தடவை இறக்குங்க, வீடியோ எடுத்துக்கிறேன்" என்றார். இருவரும் ஒரே காரைத்தான் பார்த்தார்கள். பெரியவர் ஓடும் காரைப் பார்த்தார். இளைஞர் நிற்கும் காரைப் பார்த்தார். மிகையான மாற்றங்களைப் பற்றிக் கார்ப் பிரியர்களிடையே நான் கேட்ட சண்டைகள் ஏறக்குறைய அனைத்தும், எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொள்ளாமலே நடக்கும் சண்டைகள்.

பெரியவர் விரலால் தடவியதற்குக் காரணம் இருந்தது. அப்போது என் பின்சக்கரங்கள் கழித்தல் 8 பாகை கேம்பரில், அதாவது மேல்முனை உள்நோக்கிச் சாய்ந்தபடி நின்றன. பந்தயக் கார்களும் சக்கரத்தைச் சாய்க்கின்றன. வளைவில் உடல் சாயும்போது வெளிச்சக்கரம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும் என்பதற்காக, பெரும்பாலும் 2 முதல் 4 பாகை வரை வைப்பார்கள். ஜப்பானில் தோன்றிய ஓனி-கியான் பாணியில் இந்தச் சாய்வு 10 பாகையையும் தாண்டும். ஓனி என்றால் அந்த மொழியில் அரக்கன். கேம்பர் என்பதன் ஜப்பானிய உச்சரிப்பின் முதல் பகுதிதான் கியான். பெயர் வைத்தவர்களே அதை அரக்கத்தனம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. என்னுடைய 8 பாகைக்கு 7,000 கிலோமீட்டரில் பலன் தெரிந்தது: டயரின் வெளிப்பக்கம் புதிதாக மினுங்க, உள்விளிம்பில் ரப்பர் தேய்ந்து எஃகுக் கம்பி எட்டிப் பார்த்தது. கேம்பரை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. காரை இறக்கும்போது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம், மாறிவிடும். டயரைத் தின்பதில் டோவுக்குப் பெரிய பங்கு உண்டு. இறக்கிய உடனே அலைன்மெண்ட் பார்த்திருந்தால் அந்த டயர் இன்னும் சில ஆயிரம் கிலோமீட்டர் வந்திருக்கும்.

அகலமான ரிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்து மாட்டுவது இந்தப் பாணியின் இன்னொரு அங்கம். 205/55 ஆர்16 அளவு டயருக்கு ஏற்ற ரிம் அகலம் 5.5 முதல் 7.5 அங்குலம் வரை என்று தர அட்டவணைகள் வரையறுக்கின்றன. அதை 9 அங்குல ரிம்மில் ஏற்றினால் டயரின் பக்கச் சுவர் நேராக நிற்க முடியாமல் கூரைபோலச் சாய்கிறது. மட்கார்டுக்குள் சக்கரம் நுழைய அந்தச் சாய்வு இடம் தருகிறது, பார்க்கவும் கட்டுக்கோப்பாக இருக்கிறது. பள்ளத்தில் விழும்போது முதல் அடி ரிம்முக்குத்தான். காற்று சற்றுக் குறைந்தாலும் டயர் ரிம்மை விட்டு நழுவக்கூடும். இதில் நான் பந்தயத் தடத்துப் பெரியவரின் பக்கம்.

காற்று சஸ்பென்ஷனை எல்லோரையும்விடக் கடுமையாக எதிர்ப்பவர்கள் பந்தயக்காரர்கள் அல்லர் என்பதுதான் வியப்பு. என்னைப்போலவே தாழ்ந்த காரை விரும்பி, ஆனால் ஏற்றி இறக்கும் வசதி இல்லாமல் நிரந்தரமாகத் தாழ்த்தி ஓட்டுபவர்களே அதிகம் கோபப்படுகிறார்கள். என் நண்பர் ஒருவர் அந்தக் கட்சி. வேகத்தடையைக் கண்டால் காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். பின்னால் வருபவர்களின் ஹாரன் அவர் காதில் ஏறாது. ஒருமுறை எஞ்சின் ஆயில் தேங்கும் தொட்டி உடைந்து, வழி நெடுக எண்ணெய்க் கோடு போட்டுக்கொண்டு வீடு சேர்ந்தார். அவரைப் பொறுத்தவரை, பொத்தானை அழுத்தித் தாழ்வதில் எந்தப் பெருமையும் இல்லை. வலியோடு வருவதுதான் தாழ்வு. நிற்கும்போதும் ஓடும்போதும் கார் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்கிற அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன், ஆயில் தொட்டியை அதற்குக் காணிக்கையாக்க மட்டும் மனம் வரவில்லை.

பொத்தானை ஏமாற்று வேலை என்று சொல்பவர்களுக்கு லோரைடர் கார்களின் கதையை நினைவூட்டுவேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் டிக்கியில் மணல் மூட்டைகளை ஏற்றியும், ஸ்பிரிங்குகளை அறுத்தும் கார்களைத் தாழ்த்தினார்கள். ரிம்மின் அடிவிளிம்பைவிடக் காரின் எந்தப் பகுதியும் தாழ்ந்திருக்கக் கூடாது என்று கலிபோர்னியா 1958இல் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ரான் அகிர்ரே என்பவர் தம் கார்வெட் காரில் விமானங்களின் ஹைட்ராலிக் உதிரிபாகங்களைப் பொருத்தி, போலீஸ் வரும்போது ஏற்றவும் போனபின் இறக்கவும் வழி செய்துகொண்டார். அந்தத் தடையை நீக்கிய சட்டம் 2024 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இன்று என் கையில் இருக்கும் பொத்தானுக்கு அப்படி ஒரு பூர்விகம் இருக்கிறது. மெதுவாகப் போவதற்காகவே, பார்க்கப்படுவதற்காகவே செய்யப்பட்ட காரைப் பந்தயத் தடத்தின் அளவுகோலால் அளப்பது, கோலத்தைக் குறுக்கே நடந்து பார்த்து அளப்பதைப் போன்றது.

அதற்காக, காட்சிக்குரியது என்று சொல்லிவிட்டால் எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பரவிய கரோலினா ஸ்க்வாட் பாணியில் பிக்கப் வண்டிகளின் முன்பக்கத்தை மிக உயர்த்தி, பின்பக்கத்தைத் தாழ்த்திவிடுகிறார்கள். ஓட்டுநருக்கு முன்னால் போகும் பாதசாரி தெரிவதில்லை. முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்கிறது. முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது என்று வட கரோலினா 2021 டிசம்பர் முதல் தடை விதித்தது. என் நண்பரின் ஆயில் தொட்டி உடைந்தால் நஷ்டம் பெரும்பாலும் அவரோடு போகிறது. இந்த வண்டியின் நஷ்டம் முன்னால் நடந்துபோகிறவருக்கு. ஓட்டுநரின் பார்வையையும், விளக்கையும், பிரேக்கையும் கெடுக்கும் மாற்றத்தை ரசனை என்ற பெயரில் நியாயப்படுத்துபவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. அந்தக் கணக்கில் என்னுடைய 8 பாகைச் சாய்வும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்க வேண்டும். மழையில் ஒருநாள் பிரேக் பிடித்தபோது கார் நான் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நின்ற பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

மட்கார்டை அறுத்து அகலப்படுத்தும் பாணியைப் பற்றி மட்டும் என் மனம் இன்னும் ஒரு பக்கமாக நிற்கவில்லை. ஜப்பானின் நகாய் அகிரா பழைய போர்ஷே 911 கார்களின் மட்கார்டைத் தம் கையாலேயே அறுத்து, அகன்ற புதிய வளைவுகளைப் பொருத்துகிறார். லிபர்ட்டி வாக் நிறுவனம் லம்போர்கினிகளையும் ஃபெராரிகளையும் அறுக்கிறது. சுமார் 1,300 மட்டுமே தயாரான எஃப்40 காரைக்கூட அது விட்டுவைக்கவில்லை. இதைச் சிலை உடைப்பு என்பவர்கள் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் தூசி படிய வைப்பதைவிட இது மேல் என்பவர்களும் உண்டு. ஸ்பிரிங்கை மாற்றினால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், அறுத்த தகட்டை ஒட்டவைக்க முடியாது. அதுவும் பின் மட்கார்டு இரண்டு அடுக்குத் தகடுகளால் ஆனது. வெளித்தகட்டை வெட்டியபின் உள்தகட்டை மடித்து, பற்றவைத்து, ஈரம் புகாமல் மூடாவிட்டால், அழகான வளைவுக்கு உள்ளே துரு அமைதியாக வேலையைத் தொடங்கிவிடும். டிங்கரிங் தெரிந்த கை கிடைக்கும்வரை நான் ரம்பத்தைத் தொடப்போவதில்லை.

கிட்டுக்கு வருகிறேன். 18 மாதங்களில் பைகள் நான்கும் வெடிப்போ உரசலோ இல்லாமல் இருக்கின்றன. ஒரு கம்ப்ரசரின் ரிலே கருகியதால் மாற்றினேன். டிக்கியில் பாதி இடமும் ஸ்டெப்னியும் போய்விட்டன. அந்த இடத்தில் பஞ்சர் ஒட்டும் பையும் கூடுதலாக 30 கிலோ எடையும் வந்து சேர்ந்தன. குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகும் ஒரே கார் இதுதான் என்றால் வாங்க வேண்டாம் என்பேன். தாழ்ந்த கார் வேண்டும், ஆனால் வேகத்தடையும் சரிவான நுழைவாயிலும் நிறைந்த சாலையில் தினமும் ஓட்டவும் வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. உயரம் அளக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வாங்குங்கள். வாகனச் சோதனை விதிகளை முன்கூட்டியே பாருங்கள், ஏனெனில் ஜப்பானில் தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் இடைவெளி இல்லாமல் சோதனையைத் தாண்ட முடியாது, ஜெர்மனியில் பொருத்திய பாகத்துக்குச் சான்றிதழும் கேட்பார்கள். பொருத்தும் நாளன்று பட்டறையிலேயே நின்று, குழாயை எதைக் கொண்டு வெட்டுகிறார்கள் என்று கவனியுங்கள்.

அகலமான ரிம்களை விற்றுவிட்டேன். பின் கேம்பரைக் கழித்தல் 2 பாகைக்குக் கொண்டுவந்து, டயர்களையும் புதிதாக மாற்றி, பொத்தானை மட்டும் வைத்துக்கொண்டேன். சென்ற கூட்டத்தில் அந்த மூத்தவர் மீண்டும் வந்தார். முழங்காலிட்டு, உள்விளிம்பைத் தடவி, ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். பிறகு காரை ஒருமுறை இறக்கிக் காட்டச் சொன்னார்.